பம்ப் அடிச்சும் அம்மாவுக்கு மூச்சு இளைக்குதெண்டால்

மருந்தைக் கூட்டிக் கேக்க முதல், அம்மா பம்ப் (இன்ஹேலர்) அடிக்கிறதை ஒருக்காப் பக்கத்தில இருந்து பாருங்கோ. நாட்பட்ட நுரையீரல் அடைப்புக்கு ஒழுங்கா அடிச்சும், கிளிநொச்சியில சூடடிப்பு தொடங்கினா இளைக்குதெண்டு எழுதியிருக்கிறியள். பெரும்பாலும் மருந்து தொண்டையோட நிண்டிடும்.

அமத்தேக்க வாயால வெள்ளையா ஆவி வந்தால் அதுதான் பிழை. நல்லாக் குலுக்கி, மூச்சை வெளிய விட்டு, அமத்திற அதே நேரம் மெதுவா இழுத்து, 10 செக்கன் பிடிக்கவேணும். வயசான கைக்கு இது கஷ்டம். கிளினிக்கில ஸ்பேசர், அதான் பம்பில பூட்டி இழுக்கிற குழாய், கேளுங்கோ. பவுடர் பம்ப் எண்டால் முறை வேற, அதை வேகமா இழுக்கவேணும்.

விறகடுப்புப் புகையும் நெல்லுத் தூசியும் எந்தப் பம்பையும் தோற்கடிக்கும். களத்துப் பக்கம் அவவை விடாதேங்கோ.

உதடு நீலிச்சால், கதைக்கேலாமல் இளைச்சால், உடன 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.