கன்றுக்குக் கொம்பு சுடும்போது: கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: ஒரு மாதக் கலப்பினக் கிடாரிக் கன்றுக்குக் கொம்பு வளராதிருக்கக் குருத்தைச் சுட வேண்டும். இளங்கன்றுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்கிறார்களே? (தாராபுரம் வாசகர்)

பதில்: நன்றாகவே தெரியும். மருந்தில்லாமல் சுட்ட கன்று தலையை உதறுவதையும் ஓயாமல் காதை ஆட்டுவதையும் பாருங்கள். மருத்துவரிடம் இரண்டு மருந்துகளைக் கேளுங்கள். முதலாவது, கண்ணுக்கும் கொம்புக்கும் நடுவே ஓடும் நரம்பை மரக்கச் செய்யும் லிக்னோகெய்ன் ஊசி. போட்டதும் சுடக்கூடாது. பத்து நிமிடமாவது பொறுத்து, குருத்தைச் சுற்றி ஊசி முனையால் குத்திப் பார்த்து, கன்று அசையாவிட்டால்தான் தொடங்கலாம். அவசரக்காரர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். ஓரிரு மணி நேரத்தில் மரப்பு கலைந்ததும் வலி கிளம்பும். அதற்குத்தான் இரண்டாவதான மெலாக்சிகாம்: கிலோவுக்கு அரை மில்லிகிராம், அதாவது 40 கிலோ கன்றுக்கு 20 மில்லிகிராம். சுடுவதற்கு முன்பே போட்டுவிட்டால் மறுநாள் வரை தாங்கும். இரண்டு மாதத்துக்குள் சுட்டுவிடுங்கள். பிறகு குருத்து மண்டையோட்டுடன் ஒட்டிக்கொள்ளும். அறுவைச் சிகிச்சைதான் வழி.

கேள்வி: வெள்ளாட்டுக் குட்டிக்கும் இதே ஊசியா? (மணப்பாறை வாசகர்)

பதில்: ஊசி அதேதான், அளவில்தான் ஆபத்து. லிக்னோகெய்ன் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மூன்று கிலோ குட்டிக்கு 2 சதவீத மருந்தில் முக்கால் மில்லிதான் உச்சம். ஆட்டில் ஒரு கொம்புக்கு இரண்டு நரம்புகள். நான்கு இடங்களில் போட வேண்டியிருப்பதால் மருந்தை நீர்க்கச் செய்வார்கள். மண்டையோடும் மெல்லியது, சூட்டுக்கோலைச் சற்றுக் கூடுதலாக அழுத்தினால் மூளை வெந்துபோகும். மேய்ச்சல் ஆட்டுக்குக் கொம்பு இருந்துவிட்டுப் போகட்டுமே!

கேள்வி: பர்டிசோ இடுக்கியால் காயடித்தால் ரத்தமே வராதே, வலி மருந்து எதற்கு?

பதில்: ரத்தம் வராததால் ஈ மொய்க்காது, அவ்வளவுதான். விதைக்கொடி நசுங்கும் வலி குறையாது. மரப்பு ஊசியும் மெலாக்சிகாமும் இங்கும் வேண்டும்.

கேள்வி: மருந்துக் கடையில் டைக்ளோபினாக் என்ற வலி மருந்து மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?

பதில்: கூடாது. இந்தியாவில் 2006 முதல் கால்நடைகளுக்கு அதற்குத் தடை. அந்த மருந்து ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்ற பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக மடிந்தன. நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருப்பவை கொஞ்சமே. வலி மருந்துகளான கீட்டோபுரோபனும் அசிக்ளோபினாக்கும் கால்நடைகளுக்கு 2023இல் தடைசெய்யப்பட்டன. மெலாக்சிகாமால் பாறுகளுக்குக் கேடில்லை.

கேள்வி: அடையாளத்துக்குக் காதுவில்லை போடவும் மரப்பு ஊசி வேண்டுமா?

பதில்: வழக்கமில்லை, நொடியில் முடிந்துவிடும். ரத்தக் குழாயைத் தவிர்த்து, சுத்தமான கருவியால் போடச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் மட்டும் ஒரு வாரம் புண்ணைக் கவனியுங்கள்.