ஒரு மணி நேரம் கேள்வி கேட்ட டிரெயினர்

அன்புள்ள அம்மா,

எனக்கு வயது 61. திருச்சியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். மாடிப்படி ஏறினால் வலது முழங்கால் வலிக்கிறது. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "தேய்மானம் ஆரம்ப நிலைதான். தொடைத் தசையைப் பலப்படுத்துங்கள், நடை மட்டும் போதாது" என்றார். தனியாக ஒரு டிரெயினரை வைத்துக்கொள், பணம் நான் தருகிறேன் என்று மகள் சொல்கிறாள்.

மூன்று பேரைப் பார்த்துவிட்டேன். முதலாமவர் பெரிய ஜிம் ஒன்றின் மாஸ்டர். கட்டுமஸ்தான ஆள். மூன்று மாதத்தில் பத்துக் கிலோ குறைத்துக் காட்டுகிறேன் என்றார். முதல் நாள் அவர் வாங்கிய வேலையில் நான்கு நாட்கள் என்னால் உட்கார்ந்து எழ முடியவில்லை. புரோட்டீன் பவுடர் டப்பா ஒன்றையும் அவரே விற்றார். இரண்டாமவர் வீட்டுக்கே வந்த ஒரு தம்பி. தங்கமான பிள்ளை. ஒரு கிலோ டம்பெல்லைத் தூக்கவைத்து, "போதும்மா, ரெஸ்ட் எடுங்க" என்பார். நான்கு மாதம் ஓடியும் கால் அப்படியேதான் இருக்கிறது. மூன்றாவது, போன வாரம் பார்த்த ஒரு இளம்பெண். ஒல்லியாக இருக்கிறார். ஒரு மணி நேரம் கேள்வி கேட்டே தீர்த்துவிட்டார். கையை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து முப்பது விநாடி எழுந்து எழுந்து உட்காரச் சொன்னார். ஒன்பது முறை செய்தேன். அதை நோட்டில் எழுதிக்கொண்டார். மாத்திரை அட்டைகளைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒரு பயிற்சிகூடச் சொல்லித்தரவில்லை. இதற்கும் கட்டணம்!

எனக்குப் பொருத்தமானவரை எப்படிக் கண்டுபிடிப்பது? நான்காவதாக யாரைத் தேடுவது?

— பெயர் வேண்டாம், திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

நான்காவது ஆளைத் தேட வேண்டாம். நீங்கள் குறைப்பட்டுக்கொள்ளும் அந்த ஒல்லிப் பெண்ணிடமே திரும்பிப் போங்கள்.

ஆசிரியையாக இருந்தவர் நீங்கள். ஜூன் மாதம் புது வகுப்புக்குள் நுழைந்ததும் நேராக இயற்கணிதத்தை ஆரம்பித்துவிடுவீர்களா? யாருக்குப் பின்னம் வராது, யாருக்கு வாய்ப்பாடே தகராறு என்று முதல் வாரம் சோதித்துப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெண் செய்தது அதுதான். உட்கார்ந்து எழும் அந்தச் சோதனை, முதியவர்களின் கால் வலிமையை அளக்க உலகம் முழுவதும் பயன்படுவது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தரும் அட்டவணையில் 60 முதல் 64 வயதுள்ள பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் சராசரிக்குக் குறைவு. நீங்கள் ஒன்பது. படியேறும்போது முழங்கால் ஏன் முனகுகிறது என்பதற்குப் பாதிப் பதில் அந்த எண்ணில் இருக்கிறது. கட்டணம் கொடுத்து வாங்கியது அதைத்தான்.

மாத்திரை அட்டையைக் கேட்டாரே, அதற்காகவே நான் அவருக்கு மதிப்பெண் போடுவேன். சர்க்கரைக்கு நம் ஊரில் பரவலாக எழுதித்தரும் மருந்துகளில் கிளிமிபிரைடு ஒன்று. அதைச் சாப்பிடுகிறவர் வெறும் வயிற்றில் கடுமையாக உடற்பயிற்சி செய்தால் சர்க்கரை அளவு சட்டென்று இறங்கிவிடலாம். கை நடுங்கும், வியர்க்கும், தலை சுற்றும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு அந்த அபாயம் மிகக் குறைவு. ரத்த அழுத்தத்துக்கு அட்டெனோலால், மெட்டோபிரோலால் போன்றவை என்றால் வேறு சிக்கல். அவை இதயத் துடிப்பையே அடக்கி வைக்கும். 220-இலிருந்து வயதைக் கழித்து, இத்தனை துடிப்பு வரும்வரை ட்ரெட்மில்லில் ஓடுங்கள் என்று சுவரில் ஒட்டியிருக்கும் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. துடிப்பு ஏறவே இல்லையே என்று வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஆள் சோர்ந்து விழுவார். உங்கள் முதல் மாஸ்டர் இதையெல்லாம் கேட்டாரா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

இந்த விசாரிப்பு ஒன்றும் புதுமை இல்லை. 1970-களில் கனடாவில் உருவான ஏழு கேள்விப் படிவம் ஒன்று, பயிற்சிக்கு முன்பு நிரப்பவேண்டியதாக உலகெங்கும் பரவியிருக்கிறது. நெஞ்சு வலி, மயக்கம், மூட்டுப் பிரச்சினை, மருந்துகள், இவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை. நம் ஊரில் பல ஜிம்களில் அந்த இரண்டு நிமிடம் சந்தா ரசீது எழுதுவதிலேயே போய்விடுகிறது.

"தன் உடம்பே இப்படி இருக்கிறதே, இவர் எனக்கு என்ன சொல்லித்தருவார்" என்று நினைத்திருப்பீர்கள். நீங்கள் எழுதாவிட்டாலும் 'ஒல்லியாக' என்ற சொல்லில் அது தெரிகிறது. இருபத்தைந்து வயது ஆணின் புஜம் அவருடைய வயதையும், பெற்றோரையும், சாப்பாட்டையும், உழைப்பையும் காட்டும். சில இடங்களில் தசையை வளர்க்கப் போட்டுக்கொள்ளும் ஊசியையும் காட்டும். 61 வயதுப் பெண்ணின் முழங்காலைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று அது காட்டாது. நான்கு நாள் வலியையும் சாதனையாக நினைக்காதீர்கள். பழக்கமில்லாத வேலை எதைச் செய்தாலும் இரண்டு மூன்று நாள் தசை வலிக்கும். அது பயிற்சியின் தரத்துக்கு அளவுகோல் இல்லை. அளவுக்கு மீறினால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலைகூட வரலாம். கடும் வலியோடு சிறுநீர் கறுத்துப் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். புரோட்டீன் பவுடரைப் பற்றி நான் தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை. 2024-இல் வெளியான ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டுதல்களே அதைத் தவிர்க்கச் சொல்கின்றன. பயிற்சி தருகிறவரே கடையும் நடத்தினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

என் கோபம் உண்மையில் அந்தத் தங்கமான தம்பி மீதுதான். முதலாமவரை நீங்களே கண்டுகொண்டீர்கள். இவரோ அன்பாகப் பேசி நான்கு மாதத்தைத் தின்றுவிட்டார். வயதானவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, ஒரு கிலோ டம்பெல் போதும் என்ற நினைப்பு எங்கும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிகாகோவில் ராணுவ மருத்துவமனை ஒன்றில் தாமஸ் டிலோர்ம் என்ற மருத்துவர் இருந்தார். முழங்காலில் அடிபட்ட வீரர்களுக்கு இலேசான எடையைக் கொடுத்துப் பல முறை தூக்கவைப்பதுதான் அன்றைய வழக்கம். அவர் அதை மாற்றி, பத்து முறைக்கு மேல் தூக்க முடியாத எடையைக் கொடுத்தார். வலிமை கூடக் கூட எடையையும் கூட்டினார். தொடைத் தசை திரும்பி வந்தது. 1945-இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இன்றைய எடைப் பயிற்சியின் அடிப்படைக் கணக்கு வருகிறது.

அது இளைஞர்களுக்கு என்பீர்கள். 1990-இல் பாஸ்டனில் முதியோர் இல்லத்தில் இருந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு இதே முறையில் காலுக்குக் கடுமையான பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். எட்டு வாரத்தை முடித்த ஒன்பது பேரின் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில்! உங்களுக்கு இன்னும் முப்பது வருடம் இருக்கிறது.

எடையைக் கூட்ட வேண்டுமென்றால் போன வாரம் எவ்வளவு தூக்கினீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் நோட்டு முக்கியம். எந்த ஜிம்முக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது, பக்கத்தில் நிற்கும் டிரெயினரின் கையில் என்ன இருக்கிறது என்பதைத்தான். பெரும்பாலும் கைபேசி இருக்கும். அதில் அவர் எழுதுகிறாரா, படம் பார்க்கிறாரா என்பது முகத்திலேயே தெரிந்துவிடும். முப்பது பேருக்குப் பயிற்சி தருகிறவர் யார் என்ன தூக்கினார் என்பதை நினைவிலேயே வைத்திருப்பேன் என்றால் நான் நம்பமாட்டேன். நீங்களும் முப்பது விடைத்தாளை நினைவிலிருந்து திருத்தியதில்லை.

சான்றிதழைக் கேளுங்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். மருத்துவருக்கு இருப்பதுபோல் டிரெயினர்களுக்கு நம் நாட்டில் சட்டப்படியான பதிவு எதுவும் இல்லை. நாளை காலை யார் வேண்டுமானாலும் பனியனில் 'கோச்' என்று அச்சடித்துக்கொண்டு வரலாம். இத்தனைக்கும் ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி 1920-இல் சென்னையில்தான் தொடங்கியது. உடற்கல்வியில் பட்டம் பெற்றவர்களுக்கு இங்கே பஞ்சம் இல்லை. ஜிம் முதலாளிகள் அவர்களைத் தேடுவது அரிது. அந்தப் பெண் எங்கே படித்தார், மாரடைப்பு வந்தால் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யப் பயிற்சி எடுத்திருக்கிறாரா, உங்கள் எலும்பு டாக்டரிடம் ஒரு வார்த்தை பேசச் சம்மதிப்பாரா, இந்த மூன்றையும் நேராகக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம். அவர் உங்களிடம் ஒரு மணி நேரம் கேட்டவர்.

குணம் ஒத்துப்போகுமா என்பது தனி. பேச்சு பிடிக்கவில்லை, தொட்டுத் திருத்தும் விதம் சங்கடமாக இருக்கிறது, பத்து நிமிடம் தாமதமாகவே வருகிறார் என்றால், எவ்வளவு திறமை இருந்தாலும் விட்டுவிடலாம். மாற்றுவதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தொடுவதற்கு முன் கேட்கிறாரா என்று கவனியுங்கள். ஆணானாலும் பெண்ணானாலும் கேட்க வேண்டும்.

பணத்தை மாதம் மாதம் கட்டுங்கள். ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் பாதி விலை என்று ஆசை காட்டுவார்கள். உங்கள் மகள் அவசரப்பட்டு மொத்தப் பணத்தையும் அனுப்பிவிடப் போகிறாள், முதலில் அவளைத் தடுத்து வையுங்கள். வாரம் இரண்டு நாள் போதும், மற்ற நாட்களில் உங்கள் நடையைத் தொடருங்கள். ஆறு வாரம் கழித்து அதே நாற்காலிச் சோதனையை மறுபடி வைக்கச் சொல்லுங்கள். ஒன்பது நகரவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். நோட்டைத் திறந்து காரணம் காட்டினால் இருங்கள். மழுப்பினால் எனக்கு எழுதுங்கள், அப்போது நான்காவது ஆளைப் பற்றி யோசிப்போம்.