டயாலிசிஸ் தொடங்கும் முன்பே கையில் எதற்கு ஆபரேஷன்?

ஏற்காட்டில் இருக்கும் மாமாவுக்கு இப்போதே கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைக்கும் ஆபரேஷன்) போடச் சொல்கிறார்களே, அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசியம்தான்.

டயாலிசிஸ் இயந்திரத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லி ரத்தம் வேண்டும். சாதாரணச் சிரை அவ்வளவு தராது. 1943-இல் நெதர்லாந்தில் கோல்ஃப் என்ற மருத்துவர் செயற்கைச் சிறுநீரகம் செய்தபோதும் இதே தலைவலிதான்: ஒவ்வொரு தடவையும் ரத்தக்குழாயை வெட்டித் திறக்கணும். 1960-இல் சியாட்டிலில் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர் டெஃப்லான் குழாயை நோயாளியின் கையிலேயே பொருத்திவிட்டார். ஆனால் அது அடைத்துக்கொள்ளும், சீழ் பிடிக்கும். 1966-இல் சிமினோ, பிரெசியா என்ற மருத்துவர்களின் குழுவினர் தமனியையும் சிரையையும் நேராக இணைத்துக் காட்டினார்கள். மாமாவுக்குச் சொல்வது அதைத்தான். தமனி ரத்தம் வேகமாகப் பாய்ந்து சிரை தடிக்கச் சில வாரங்களாவது ஆகும், அதனால்தான் இந்த அவசரம்.

அந்தக் கையில் பிபி பார்க்கவோ ஊசி போடவோ விடாதீர்கள். அப்புறம், டயாலிசிஸ் முடிந்ததும் பிபி இறங்கித் தலைசுற்றலாம். சேலத்திலிருந்து ஏற்காடு திரும்ப 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறணும், துணைக்கு ஆள் வேண்டும்.