அபூர்வப் பெயர்கள்: எங்கிருந்து வந்தன, எப்படித் தேடுவது? – கேள்வி பதில்

கேள்வி: பாட்டியின் பெயர் மட்டுவார்குழலி. ஆதாரில் ‘மாட்டுவர்குழலி’ ஆகிவிட்டது. பெயர் தரும் செயலிகளில் இது இல்லவே இல்லை. எங்கே தொடங்குவது?

பதில்: முதலில் ஆங்கில எழுத்தை ஒதுக்கிவிட்டு, தமிழில் எழுதிய தாளைத் தேடி எடுங்கள். கல்யாணப் பத்திரிகை, கிரயப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ் எதுவானாலும் சரி. ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பும் பெயரில் குறில் நெடில் கலந்துவிடும், ல, ள, ழ மூன்றும் குழம்பிவிடும். பழைய கையெழுத்தில் இன்னொரு தொல்லை உண்டு. புள்ளி வைக்காமல் விட்டிருப்பார்கள், ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலத் தெரியும். ஒரே பெயர் இரண்டு மூன்று தாள்களில் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும்.

இந்த மாதிரி நீளமான பெயர்களைக் கடைசியிலிருந்து பிரியுங்கள். குழலி என்றால் கூந்தலை உடையவள். வார் என்பது ஒழுகுதல், மட்டு என்பது தேன். தேன் ஒழுகும் பூவைச் சூடிய கூந்தலாள். இவள் திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கோயில் அம்மன். குழலி, நாயகி, அம்பிகை என்று முடியும் பழைய பெயர்கள் பெரும்பாலும் சிவன் கோயில் அம்மன் பெயர்கள்தாம். அதனால் அகராதிக்கு முன்னால் பாடல் பெற்ற 276 தலங்களின் பட்டியலைப் பாருங்கள். அம்மனுக்குத் தமிழ்ப் பெயரும் வடமொழிப் பெயரும் தனித்தனியாக இருக்கும், இரண்டையும் பார்க்க வேண்டும். இதே அம்மன்தான் சுகந்த குந்தளாம்பாள்.

கடைசியாக, பாட்டியின் கூடப்பிறந்தவர்கள் பெயரைக் கேளுங்கள். தாயுமானவன் என்று ஓர் அண்ணனோ தம்பியோ இருந்தால் சந்தேகமே வேண்டாம். தையல்நாயகி, வைத்தியநாதன், முத்துக்குமாரசாமி மூவரும் ஒரே வீட்டில் இருந்தால் அது வைத்தீஸ்வரன்கோயில் வேண்டுதல். அபயாம்பாள் மயிலாடுதுறை. நீலாயதாட்சி நாகப்பட்டினம். குடும்பம் இன்று எங்கே இருந்தாலும், பெயர் பழைய ஊரையோ வேண்டிக்கொண்ட கோயிலையோ காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: அத்தை காந்திமதி, நெல்லையில் பிறந்தவர், 1934. மகாத்மா நினைவாக வைத்த பெயர் என்று வீட்டில் சொல்கிறார்கள். சரியா?

பதில்: நெல்லையப்பர் கோயில் அம்மன் பெயரே காந்திமதி. காந்தியடிகள் பிறப்பதற்குப் பல தலைமுறைக்கு முன்பே அந்த ஊரில் இருந்த பெயர் அது. காந்தி என்றால் இங்கே ஒளி. ‘மதி’ நிலவும் இல்லை, அறிவும் இல்லை. ‘உடையவள்’ என்று பொருள்படும் வடமொழி விகுதி அது. ஸ்ரீமதி, வசுமதியில் இருப்பதும் அதுவே. வெண்மதி, இளமதி வேறு, அங்கே நிலவுதான். மகாத்மாவின் காந்தி ஒரு குஜராத்திக் குடும்பப் பெயர், வாசனைப் பொருள், மளிகை விற்ற தொழிலோடு சேர்ந்தது. ஓசை ஒன்றாக இருப்பதால் மட்டும் உறவு சொல்லக் கூடாது. அதே ஆண்டுகளில் அந்த வீட்டில் ஒரு பையனுக்கு ‘காந்தி’ என்றோ ‘ஜவகர்’ என்றோ பெயர் இருந்தால், அந்தப் பையன் விஷயத்தில் வீட்டார் சொல்வதை நம்பலாம்.

கேள்வி: தாத்தாவின் பெயர் மண்ணாங்கட்டி. விழுப்புரம் பக்கம். பத்திரத்தில் படிக்கவே சங்கடமாக இருக்கிறது. யாராவது கேலியாக எழுதிவிட்டார்களா?

பதில்: இல்லை, ஆசையோடு வைத்த பெயர். முன்னால் பிறந்த குழந்தைகள் தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையையாவது காப்பாற்றிக்கொள்ள மதிப்பில்லாத பொருளின் பெயரை வைப்பார்கள். எமன் கண்ணும் ஊர்க் கண்ணும் படாமல் இருக்கட்டும் என்றுதான். பிச்சை, குப்பு, குப்பம்மாள் எல்லாம் இந்த வகை. குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுப்பார்கள், தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்குவார்கள். மூக்குக் குத்திய பிள்ளைக்கு மூக்கன், மூக்காயி.

உறுதிசெய்ய ஒரே வழி, அவருக்கு முன்னால் பிறந்தவர்களைக் கணக்கெடுப்பது. உயிரோடு இருக்கும் மூத்த பெண்களிடம் கேளுங்கள், ஆண்களுக்குப் பெரும்பாலும் இது தெரியாது. தாத்தாவுக்கு முன்னால் இரண்டு மூன்று இறப்புகள் வரிசையாக இருந்தால் விடை கிடைத்துவிட்டது. போதும்பொண்ணு, வேண்டாம் என்ற பெயர்களை இதோடு கலக்காதீர்கள். அவை ஆண் பிள்ளை வேண்டும் என்று பெண் பிள்ளைக்கு வைத்தவை. அந்தப் பெயரைச் சுமந்தவர்களின் வலி வேறு. பெயரை மாற்றிக்கொள்ள ஆசைப்பட்டால் மாற்றிக்கொடுப்பதே நியாயம்.

கேள்வி: யாழ்ப்பாணத்து மாமாவின் பெயர் சந்தியாப்பிள்ளை. சந்தியாகாலத்தில் பிறந்தவர் என்று பொருளா?

பதில்: குடும்பம் கத்தோலிக்கமா என்று பாருங்கள். ஆம் என்றால் இது சந்தியாகு, போர்த்துக்கீசிய வழி வந்த சந்தியாகோ, அதாவது யாகப்பர் (யாக்கோபு). யாழ்ப்பாணம் 1619-இல் போர்த்துக்கீசர் கைக்குப் போனது. சூசை (யோசேப்பு), இன்னாசி (இஞ்ஞாசியார்) போன்றவையும் அதே வழியில் ஓசை மாறி வந்தவை. சவேரியார் சவரிமுத்துவானதும் ஓசை வழிதான்.

வேறு சில கிறிஸ்தவப் பெயர்களில் ஓசையை விட்டுப் பொருளைத் தமிழாக்கியிருப்பார்கள். அவற்றில்தான் தேடுவோர் தடுமாறுவது. சின்னப்பன் என்பது பவுல். லத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவன். அருளப்பன் என்பது யோவான், எபிரேயத்தில் ஆண்டவர் அருளினார் என்று பொருள். தேவசகாயம் என்பது லாசரு, கடவுள் துணைநின்றார். 1745-இல் திருமுழுக்குப் பெற்ற தேவசகாயம் பிள்ளைக்கு அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது.

பங்குக் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். பழைய பதிவுகள் பல லத்தீனில் இருக்கும். அங்கே ‘யாக்கோபுஸ்’ என்று இருந்தால் வேலை முடிந்தது. ஞானத்தந்தையின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், பிள்ளைக்கு அவர் பெயரே வைத்திருக்கவும் கூடும்.

கேள்வி: கீழக்கரைக் குடும்பம். சீதக்காதி என்ற பெயரில் சீதம் என்றால் குளிர்ச்சியா?

பதில்: இல்லை. ஷெய்கு அப்துல் காதிர் என்பதே வாய்வழக்கில் செய்தக்காதி, சீதக்காதி ஆனது. அப்துல் காதிர் என்றால் ஆற்றல் மிக்கவனின் அடியான். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று ஊரே சொல்லும் கீழக்கரை வள்ளல் பெயர் அது, அவர் காலம் 17-ஆம் நூற்றாண்டு.

கேள்வி: கும்பகோணம் பக்கத்துப் பெரியப்பா உப்பிலி. உப்பில்லாத நைவேத்தியத்தால் வந்த பெயர் என்கிறார்கள்.

பதில்: உப்பிலியப்பன் கோயில் பெருமாளின் பெயர் என்பது சரி, அங்கே நைவேத்தியத்தில் உப்புச் சேர்ப்பதில்லை என்பதும் சரி. ஆனால் நம்மாழ்வார் பாடியது ‘தன் ஒப்பார் இல் அப்பன்’, தனக்கு ஒப்பில்லாதவன். ஒப்பிலியப்பன் பேச்சில் உப்பிலியப்பன் ஆனான். பெயரின் பழைய வடிவம் பாட்டிலோ கல்வெட்டிலோ கிடைத்தால், தலபுராணக் கதையைவிட அதற்கே முன்னுரிமை கொடுங்கள். கதையைத் தள்ளிவிட வேண்டாம், தனியாக எழுதி வையுங்கள்.

கேள்வி: பேரனுக்கு ‘...ஆன்ஷ்’ என்று முடியும் பெயர். ஒவ்வொரு செயலியிலும் ஒவ்வொரு பொருள்.

பதில்: ‘ஆன்ஷ்’ என்பது அம்சம், இந்தி உச்சரிப்பில். அதற்கு முன்னால் வரும் துண்டை மோனியர் வில்லியம்ஸ் வடமொழி அகராதியில் தேடுங்கள். தமிழ்ப் பெயர் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன், 1924 முதல் 1936 வரை வந்த ஆறு தொகுதிகள், இணையத்திலேயே தேடலாம். அந்தத் துண்டு எதிலும் இல்லையென்றால், ஓசைக்காகப் புதிதாகக் கோத்த பெயராகத்தான் இருக்கும். அப்படியானால் பெயரைத் தேர்ந்தெடுத்த உங்கள் மகளிடமும் மருமகனிடமும் என்ன நினைத்து வைத்தார்கள் என்று கேட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள்.