வாசகர் கேட்டவை: உரலுக்கும் உலக்கைக்கும் வரி

கேள்வி: அமெரிக்க மத்திய அரசு புகையிலைப் பொருளுக்குப் போட்ட முதல் வரி மூக்குத்தூளுக்கு மட்டும்தான் என்று படித்தேன். சுருட்டையும் சப்புகிற புகையிலையையும் ஏன் விட்டார்கள்?
– உயர்தர வரலாறு படிக்கும் மாணவி, கரவெட்டி

பதில்: படித்தது சரி. 1794 ஜூன் 5ஆம் திகதிச் சட்டம், மூக்குத்தூளுக்கு றாத்தலுக்கு 8 சதம். சுத்திகரித்த சீனிக்கும் அதே சட்டத்தில் வரி வந்தது. சுதந்திரப் போர்க் கடன் கழுத்தை நெரித்தது, துறைமுகத் தீர்வை மட்டும் போதவில்லை. விஸ்கிக்கு 1791இலேயே வரி போட்டாயிற்று. நிதிச் செயலாளர் ஹமில்டனின் பக்கத்தில் மற்றப் புகையிலைப் பண்டங்களையும் சேர்க்கத்தான் நினைத்தார்கள். புகையிலை விளையும் வேர்ஜீனியாவின் காங்கிரஸ் உறுப்பினரான மடிசன் போன்றோர் எதிர்த்தார்கள், கடைசியில் மூக்குத்தூள் மட்டும் மிஞ்சியது. பிடிப்பதற்கும் அதுதான் வசதி. இலையைச் சுருட்டவோ முறுக்கவோ எந்த வீட்டுத் திண்ணையும் போதும், மூக்குத்தூளுக்கு ஆலை வேண்டும். ஆலைகளை எண்ணிவிடலாம்.

சுவையான பகுதி அடுத்த ஆண்டில் வருகிறது. எத்தனை றாத்தல் அரைத்தார்கள் என்பதற்கு ஆலைக்காரரின் கணக்குக் கொப்பிதான் சாட்சி. ஆகவே 1795 மார்ச்சில் தூளை விட்டுவிட்டு இயந்திரத்துக்கு வரி போட்டார்கள். நீரால் ஓடும் ஆலையில் உரல் ஒன்றுக்கு ஆண்டுக்கு 560 டொலர், அரைகல் சோடி ஒன்றுக்கும் அதே தொகை, கையால் இடிக்கும் உலக்கை ஒன்றுக்கு 112 டொலர். 560ஐ 8 சதத்தால் வகுத்துப் பாருங்கள்: 7,000 றாத்தல். ஓர் உரலில் அதற்கு மேல் இடிக்க இடிக்க றாத்தலுக்கு விழும் வரி குறைந்துகொண்டே போகும். 20,000 றாத்தல் இடித்தவருக்கு 2.8 சதம்தான்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஏற்றுமதி செய்த தூளுக்கு றாத்தலுக்கு 6 சதம் திருப்பித் தருவதாகவும் அதே சட்டத்தில் எழுதி வைத்தார்கள். அந்த 20,000 றாத்தலையும் கப்பலில் ஏற்றினால் கட்டியது 560, கையில் வருவது 1,200 டொலர்! 9,334ஆவது றாத்தலிலிருந்து வரி கட்டுபவர் அரசாங்கம்தான். வரியை இயந்திரத்திலும் திருப்பித் தரும் தொகையை எடையிலும் வைத்தால் வேறென்ன நடக்கும்? 1796இல் சட்டத்தை நிறுத்தி வைத்தார்கள், 1800இல் முற்றாக நீக்கினார்கள்.

கேள்வி: அதற்குப் பிறகு எப்போது மீண்டும் வந்தது?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: ஜனாதிபதி ஜெபர்சன் காலத்தில், 1802இல், உள்நாட்டு வரிகள் எல்லாமே போயின. பிரித்தானியாவோடு 1812இல் தொடங்கிய போரின் செலவுக்காக 1815இல் புகையிலைப் பண்டங்களுக்கு வரி வந்தது. போர் முடிந்ததும் அதையும் நீக்கினார்கள். நிலையாக வந்தது உள்நாட்டுப் போரின் நடுவே, 1862 ஜூலை 1ஆம் திகதிச் சட்டத்தோடு. உள்நாட்டு இறைவரி ஆணையாளர் பதவியும் அந்தச் சட்டத்தில் பிறந்ததுதான். முதல் ஆணையாளர் ஜோர்ஜ் பௌட்வெல்.

கேள்வி: சுருட்டுக்கு எண்ணிக்கை பார்த்தார்களா, விலை பார்த்தார்களா?
– சுருட்டுத் தொழிலாளி, இணுவில்

பதில்: முதலில் இரண்டையும் பார்த்தார்கள். 1862 சட்டப்படி ஆயிரம் சுருட்டின் பெறுமதி 5 டொலருக்கு மேற்படாவிட்டால் வரி 1.50 டொலர், 10 வரை 2 டொலர், 20 வரை 2.50, அதற்கு மேல் எவ்வளவானாலும் 3.50. ஐந்து டொலர்ச் சுருட்டுக்கு நூற்றுக்கு 30 விழுகிறது, நாற்பது டொலர்ச் சுருட்டுக்கு 9கூட விழவில்லை. ஏழையின் சுருட்டில்தான் பாரம்.

படி வைத்த வரிக்கு இன்னொரு வியாதியும் உண்டு. பத்தேகால் டொலர்ச் சரக்கைப் பத்து என்று எழுதிவிட்டால் ஆயிரத்துக்கு 50 சதம் மிச்சம். பெறுமதியைச் சொல்பவரும் சுருட்டுக்காரர்தான். 1865இல் வரி ஆயிரத்துக்கு 10 டொலராக ஏறியது. வீட்டறையில் பலகையும் கத்தியும் வைத்துச் சுருட்டும் தொழிலில் வரி ஏறினால் சரக்கு பின்கதவால் போகும் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பின்னர் விலையைப் பார்ப்பதையே விட்டு, எந்தச் சுருட்டானாலும் ஆயிரத்துக்கு 5 டொலர் என்று வைத்தார்கள். நியாயம் குறைந்தது, ஏமாற்றும் குறைந்தது. இலங்கையில் சிகரெட்டுக்கு நீளம் பார்த்து, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று மதுவரி விதிப்பதும் இந்த வகைதான்.

கேள்வி: இலையின் நடுநரம்பு நீக்கியதற்கு ஒரு வரி, நீக்காததற்கு ஒரு வரி என்கிறார்களே, உண்மையா? தோட்டக்காரரும் வரி கட்டினாரா?
– புகையிலைத் தோட்டக்காரர், அச்சுவேலி

பதில்: உண்மை. 1862இல் சப்பும் புகையிலைக்கு விலையைப் பொறுத்து றாத்தலுக்கு 15 அல்லது 10 சதம், நரம்பு முழுவதும் சேர்ந்த புகைக்கும் தூளுக்கு 5 சதம், வெறும் நரம்பில் செய்ததற்கு 2 சதம். 1868இல் சப்பும் புகையிலைக்கு 32 சதம், நரம்பு சேர்ந்த புகைக்கும் தூளுக்கு 16 சதம் என்று ஆனது. வாயில் போடும் சரக்கில் நரம்பு இருக்கக்கூடாது, குழாயில் புகைக்கும் சரக்கில் இருந்தால் கேடில்லை. அதனால் நரம்பையே எல்லைக்கோடாக வைத்தார்கள். ஆனால் பொடியாக வெட்டிய பிறகு நரம்பு முழுவதும் உள்ளதா, பாதி உருவியதா என்று எந்தப் பரிசோதகர் கண்டுபிடிப்பார்? சப்பும் சரக்கு புகைக்கும் சரக்காகப் பெயர் மாறிப் பாதி வரியோடு வெளியேற வழி திறந்தது. 1872இல் இரண்டுக்கும் ஒரே 20 சதம் என்று வைத்தார்கள்.

பச்சை இலைக்கு வரியில்லை. கட்டியவர் உற்பத்தியாளர். யாழ்ப்பாணப் புகையிலையை ஏகபோகமாக வாங்கி விற்றுத் திருவிதாங்கூர் அரசு வருமானம் பார்த்தது வேறு முறை. அமெரிக்கா அந்தப் பக்கம் போகவில்லை.

கேள்வி: பழைய அமெரிக்கச் சுருட்டுப் பெட்டி ஒன்று கிடைத்தது. முத்திரை கிழிந்திருக்கிறது. மதிப்புக் குறையுமா? காலத்தை எப்படிக் கணிப்பது?
– முத்திரை சேகரிப்பவர், நல்லூர்

பதில்: கிழிந்திருப்பதுதான் முறை. வரியை முன்கூட்டிக் கட்டி முத்திரை வாங்கி ஒட்டும் ஏற்பாடு 1868 ஜூலை 20ஆம் திகதிச் சட்டத்தோடு வந்தது. பெட்டியைத் திறந்தால் முத்திரை கிழியும்படி ஒட்டவேண்டும், பெட்டி வெறுமையானதும் அதை அழிக்கவேண்டும். இல்லாவிட்டால் வரி கட்டாத சுருட்டை மறுபடி நிரப்பி விற்கலாமே. ஆகவே வெறும் பெட்டியில் முழு முத்திரை இருந்தால்தான் சந்தேகப்படவேண்டும்.

பெட்டியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தொழிற்சாலை எண், வரி மாவட்டம், மாநிலம் மூன்றும் இருக்கும், கூடவே இந்தப் பெட்டியை மறுபடி சுருட்டுக்குப் பயன்படுத்தாதே என்ற எச்சரிக்கைத் தாளும் இருக்கலாம். இவை இருந்தால் பெட்டி 1868க்கு முந்தியதல்ல. முத்திரையில் ‘Series’ என்ற சொல்லோடு வரும் எண் 102 முதல் 125க்குள் இருந்தால் அதோடு 1830ஐக் கூட்டுங்கள்: 125 என்றால் 1955. புகையிலை முத்திரைகள் 1959இல் நின்றன. முத்திரையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்ற வேண்டாம். பெட்டியோடு சேர்ந்திருந்தால்தான் தொழிற்சாலை எண்ணும் முத்திரையும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும்.