மதர்போர்டை மாற்றச் சொன்னால் காசை எடுக்காதீர்கள்

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறோம். 2011-ல் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டரில்தான் டேலி கணக்கு முழுவதும் இருக்கிறது. கணக்கு எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், போனும் எடுப்பதில்லை. இப்போது பவர் பட்டனை அழுத்தியதும், விண்டோஸ் வருவதற்கு முன்பே, கறுப்புத் திரையில் பாஸ்வேர்ட் கேட்கிறது. மதர்போர்டை மாற்ற வேண்டும், ஹார்ட் டிஸ்க்கில் உள்ளதும் போய்விடும், ஆறாயிரம் ஆகும் என்கிறார்கள் கடையில். மகளுக்கு ஓசூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப்பிலும் ஒரு தொல்லை. விண்டோஸ் நன்றாகத் திறக்கிறது. பென் டிரைவிலிருந்து புதிதாக விண்டோஸ் போடலாம் என்று பயாஸுக்குள் போனால் பாஸ்வேர்ட் கேட்கிறது. என்ன செய்வது?

பதில்: ஆறாயிரம் கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் கம்ப்யூட்டருக்குத் தேவைப்படுவது சிஆர் 2032 என்ற நாணய பேட்டரி ஒன்றும், அரை மணி நேரமும்தான். வாட்ச் கடையிலேயே அந்த பேட்டரி கிடைக்கும்.

பயாஸ் என்பது விண்டோஸுக்கு முன்பே ஓடி கம்ப்யூட்டரை எழுப்பும், மதர்போர்டிலேயே உள்ள சிறு புரோகிராம். உங்கள் கறுப்புத் திரை கேட்பது பெரும்பாலும் அதன் பாஸ்வேர்டைத்தான். பயாஸ் பாஸ்வேர்ட் என்பது வாசலில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி. பீரோவை அது பூட்டுவதில்லை. உங்கள் டேலி கணக்கு ஹார்ட் டிஸ்க்கில் எழுதியபடியே இருக்கிறது. மதர்போர்டையே மாற்றினாலும் அது அழியாது. "டேட்டா போய்விடும்" என்று சொல்பவருக்கு ஒன்று விஷயம் தெரியவில்லை, இல்லை உங்களுக்குத் தெரியாது என்பது தெரிந்திருக்கிறது.

அதனால் கணக்கை முதலில் காப்பாற்றிக்கொள்ளுங்கள். கேபினட்டைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, வேறொரு கம்ப்யூட்டரில் சாட்டா கேபிளில் மாட்டுங்கள். லேப்டாப்பில் மாட்டுவதானால் யுஎஸ்பி கன்வெர்ட்டர் வேண்டும். அதை வாங்கும்போது தனியாக 12 வோல்ட் அடாப்டர் வருகிறதா என்று பாருங்கள். டெஸ்க்டாப்பின் மூன்றரை அங்குல டிஸ்க் யுஎஸ்பி தரும் கரண்டில் சுற்றாது. விலை குறைந்த கேபிளில் மாட்டிவிட்டு, டிக் டிக் என்று சத்தம் வந்ததும் "டிஸ்க் போச்சு" என்று கைவிரிப்பவர்கள் உண்டு. டேலி ஈஆர்பி 9 என்றால் டேட்டா என்ற ஃபோல்டருக்குள் 10000, 10001 என்று ஐந்து இலக்கப் பெயரில் ஃபோல்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கம்பெனியின் கணக்கு. அந்த டேட்டா ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் காப்பி எடுங்கள். உள்ளே இருக்கும் ஃபைல்களைத் தனித்தனியாகப் பொறுக்காதீர்கள்.

இனி பூட்டைத் திறக்கலாம். உங்கள் காலத்து அசெம்பிள் போர்டுகளில் பாஸ்வேர்ட் பெரும்பாலும் சிமாஸ் என்ற, பயாஸ் அமைப்புகளை வைத்திருக்கும் சிறு நினைவகத்தில் இருக்கும். அந்த மூன்று வோல்ட் பேட்டரிதான் அதற்குச் சோறு. அதை நிறுத்தினால் மறந்துவிடும். "பேட்டரியைக் கழற்றிப் பார்த்தோம், வேலை செய்யவில்லை" என்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பவர் கேபிள் சுவரில் மாட்டியபடியே இருந்திருக்கும். கம்ப்யூட்டரை ஆஃப் செய்தாலும் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை பெட்டி போர்டுக்கு ஐந்து வோல்ட் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். பேட்டரி இல்லாவிட்டாலும் சிமாஸ் அதைக் குடித்து உயிரோடு இருக்கும். ஆகவே கேபிளைப் பிடுங்குங்கள். பவர் பட்டனைப் பதினைந்து நொடி அழுத்திப் பிடித்தால் மிச்சக் கரண்டும் வடிந்துவிடும். பிறகு பேட்டரியின் ஓரத்தில் உள்ள கொக்கியை நகத்தால் தள்ளினால் அது துள்ளி வெளியே வரும்.

பேட்டரிக்கு அருகிலேயே சிஎல்ஆர் சிமாஸ் அல்லது சிஎல்ஆர்டிசி என்று அச்சிட்ட பின்கள் இருக்கும். மூன்று பின் இருந்தால், முதல் இரண்டில் மாட்டியிருக்கும் ஜம்பர் என்ற சிறு மூடியைக் கழற்றி இரண்டாவது, மூன்றாவது பின்களில் பத்து நொடி மாட்டிவிட்டு, பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். இரண்டே பின் என்றால் ஸ்க்ரூ டிரைவர் முனையால் இரண்டையும் சேர்த்துச் சில நொடி தொட்டால் போதும். மூடி இடம் மாறியிருக்கும்போது கேபிளை மாட்டி ஆன் செய்துவிடாதீர்கள், போர்டு கெட்டுப்போகலாம். பின்களையே கண்டுபிடிக்க முடியவில்லையா? பேட்டரி இல்லாமல் அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். புது பேட்டரியை எழுத்துள்ள பக்கம் மேலே தெரியும்படி போடுங்கள்.

டெல் மாதிரி பிராண்டட் கம்பெனி டெஸ்க்டாப்புகளுக்கு இந்த வழி எல்லாவற்றிலும் பலிக்காது. பழைய டெல் போர்டுகள் பலவற்றில் பிஎஸ்டபிள்யூடி என்று தனி ஜம்பர் உண்டு. அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஆன் செய்ய வேண்டும்.

ஆன் ஆனதும் சிமாஸ் செக்சம் எரர் என்று ஏதாவது வரும், பயப்படாமல் எஃப்1 அழுத்துங்கள். உள்ளே போய்த் தேதியைச் சரிசெய்யுங்கள். தேதி பழைய வருடத்துக்குப் போயிருந்தால் ஜிஎஸ்டி தளம்கூடப் பாதுகாப்பில்லை என்று திறக்க மறுக்கும். விண்டோஸ் லோகோ வந்து, நீலத் திரையில் 7பி என்று முடியும் எண்ணோடு நின்றுவிட்டால், விண்டோஸ் கெட்டுவிட்டதாக யாராவது சொல்வார்கள். பயாஸில் சாட்டா மோடு, அதாவது போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை, மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஐடிஇ என்று இருந்தால் ஏஹெச்சிஐ, ஏஹெச்சிஐ என்று இருந்தால் ஐடிஇ என்று மாற்றுங்கள். இந்த ஒரு வரிக்காக ஃபார்மட் ஆகும் டிஸ்க்குகள் எத்தனையோ!

இவ்வளவும் சொன்னபின் ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்ட் என்று இன்னொன்று இருக்கிறது. அதுவும் கறுப்புத் திரையில்தான் கேட்கும், ஆனால் கேட்கும் வரியில் ஹார்ட் டிஸ்க் அல்லது ஹெச்டிடி என்ற சொல் இருக்கும். சில லேப்டாப்பில் சொல்லுக்குப் பதில் உருளை மாதிரி படமும் பூட்டும் வரும். இது டிஸ்க்கிலேயே எழுதப்படுவது. பேட்டரியைக் கழற்றினாலும், போர்டை மாற்றினாலும், டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் கூடவே வரும். அசெம்பிள் டெஸ்க்டாப்பில் இதை வைப்பவர்கள் குறைவு. ஆனாலும் பேட்டரி வாங்கும் முன் திரையில் உள்ள வரியை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுங்கள். அதுவாக இருந்தால் பழைய கணக்கரைத் தேடிப் பிடிப்பதுதான் மலிவான வழி. ஊர் பெரிய மனிதர் ஒருவரை வைத்தாவது பேசிப் பாருங்கள்.

லேப்டாப் கதை வேறு. அலுவலக வகை லேப்டாப்புகளில் பாஸ்வேர்ட் தனிச் சிப்பில் இருக்கும், பேட்டரியைக் கழற்றினால் போகாது. லெனோவோவின் திங்க்பேட் மாதிரி சிலவற்றில் கழற்றினால் கெடுதலே வரும். தேதி அழிந்து, அதைச் சரிசெய்ய பயாஸுக்குள் போகச் சொல்லும், அங்கே பாஸ்வேர்ட் கேட்கும். ஓடிக்கொண்டிருந்த லேப்டாப் அதோடு நின்றுவிடும். அதனால் மகளின் லேப்டாப்பைத் திறக்க யாரையும் விடாதீர்கள்.

தயாரித்த நிறுவனத்திடம் கேட்கலாம். சில நிறுவனங்கள், உரிமையாளர் என்று நிரூபித்தால் திறக்கும் குறியீடு தருகின்றன. திங்க்பேடில் பயாஸுக்குள் போகக் கேட்கும் சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் என்றால் போர்டை மாற்று என்பதே லெனோவோவின் பதில். எங்கே கேட்டாலும் முதல் பில் வேண்டும். பத்து வருடத்துக்கு முன் பெங்களூரில் ஏதோ கம்பெனி மொத்தமாக வாங்கிய லேப்டாப்புக்குக் காவேரிப்பட்டணத்தில் இருப்பவர் பில்லுக்கு எங்கே போவார்? சர்வீஸ் சென்டர் டோல் ஃப்ரீ எண்ணைக் கொடுக்கும், டோல் ஃப்ரீயில் சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொல்வார்கள். திருடனைத் தடுக்க வைத்த விதி என்பது சரிதான். அலைவது என்னவோ காசு கொடுத்து வாங்கியவர்.

இந்தச் சலிப்பில்தான் ஆட்கள் வலையில் விழுகிறார்கள். இணையத்தில் "ஐந்து நிமிடத்தில் பயாஸ் அன்லாக்" என்று போன் நம்பர் இருக்கும். முன்பணம் அனுப்பச் சொல்வார்கள், பிறகு உங்கள் போனில் எனிடெஸ்க் என்ற, தூரத்திலிருந்தே திரையைப் பார்க்கவும் இயக்கவும் விடும் ஆப்பைப் போடச் சொல்வார்கள். பூட்டிய பயாஸ் திரைக்குள் எனிடெஸ்க் எப்படி நுழையும்? அவருக்கு வேண்டியது போனில் இருக்கும் பேங்க் ஆப்.

மகளுக்கு வேண்டியது புது விண்டோஸ்தானே? அதற்கு பயாஸே தேவையில்லை. விண்டோஸ் 10 என்றால் செட்டிங்ஸில் ரெக்கவரி பகுதியில் ரீசெட் திஸ் பிசி இருக்கிறது. ஃபைல்களைக் காப்பி எடுத்துக்கொண்டு, சார்ஜரை மாட்டியபடியே ரிமூவ் எவ்ரிதிங் கொடுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். வாங்கிய கடையில் பில் கொடுத்திருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போய், பாஸ்வேர்டை எடுத்துத் தருகிறாயா, வேறு லேப்டாப் தருகிறாயா என்று கேளுங்கள். மாற்றித் தந்தால், பணப்பையைத் திறக்கும் முன் கடையிலேயே ஆன் செய்து எஃப்1, எஃப்2, எஃப்10 என்று அழுத்தி பயாஸுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பில்லில் லேப்டாப்பின் அடியில் உள்ள சீரியல் நம்பரையும் எழுதி வாங்குங்கள்.