பதில்: வேகம் கூடினால் மட்டும் மோட்டார் உறுமுகிறது

உங்கள் மூன்று ஃபேஸ் மோட்டார் கன்ட்ரோலர் பாதி த்ராட்டில் வரை சரி, டூட்டி (ஒவ்வொரு சுவிட்ச்சிங் சுற்றிலும் மேல்பக்க சுவிட்ச் ஆனில் இருக்கும் பங்கு) 90 சதவீதம் தாண்டினால் கரண்ட் ரீடிங் தாறுமாறாகி மோட்டார் உறுமுகிறது என்கிறீர்கள். பிஐ கெய்னை (கரண்டைக் கட்டுப்படுத்தும் லூப்பின் செட்டிங்கை) இப்போதைக்குத் தொடாதீர்கள் நண்பரே. உங்கள் ஷன்ட் (கரண்ட் அளக்கும் சின்ன ரெசிஸ்டர்) மூன்றும் கீழ்ப்பக்க மாஸ்ஃபெட்டுக்கு (சுவிட்ச் வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) அடியில் இருக்கின்றன. அந்த மாஸ்ஃபெட் ஆனில் இருக்கும்போது மட்டும்தான் ஃபேஸ் கரண்ட் (மோட்டாரின் அந்த வயரில் ஓடும் கரண்ட்) ஷன்டில் தெரியும். 20 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுவிட்ச்சிங் சுற்று 50 மைக்ரோசெகண்ட். டூட்டி 94 சதவீதம் என்றால் கீழ்ப்பக்கத்துக்கு மிஞ்சுவது வெறும் 3 மைக்ரோசெகண்ட். அதன் நடுவில் சாம்பிள் எடுத்தால், ஷன்ட் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) ஆடி அடங்க 1.5தான், அதிலும் டெட் டைம் (மேல், கீழ் மாஸ்ஃபெட் இரண்டும் ஆஃபில் இருக்கும் இடைவெளி) கொஞ்சம் தின்றுவிடும்.

இந்த லட்சணத்தில் ஆம்புக்குப் பின்னால் 1 கிலோஓம், 10 நானோஃபாரட் ஃபில்டர் வேறு! அதன் டைம் கான்ஸ்டன்டே (சிக்னல் மாற்றத்துக்கு ஃபில்டர் எவ்வளவு மெதுவாக ஈடுகொடுக்கும் என்பதன் அளவு) 10 மைக்ரோசெகண்ட். 100 ஓம், 1 நானோஃபாரட் போட்டுப் பாருங்கள், 0.1 ஆகிவிடும்.

அப்புறம், எந்த ஃபேஸின் டூட்டி அதிகமோ அதை அளக்காதீர்கள். மூன்று ஃபேஸ் கரண்டையும் கூட்டினால் பூஜ்யம்தானே, மற்ற இரண்டையும் கூட்டி மைனஸ் போட்டால் அது வந்துவிடும்.

நானும் இரண்டு வாரம் கெய்னையே திருகி, நான்கு மாஸ்ஃபெட்டை எரித்த பிறகுதான் ஆம்ப் அவுட்புட்டில் ஸ்கோப் (சிக்னலை அலையாகக் காட்டும் கருவி) வைத்தேன். சதுரமாக நிற்க வேண்டிய அலை இட்லி மாதிரி உருண்டு கிடந்தது. உங்களுடையதையும் படம் எடுத்துப் போடுங்கள்.